மீன்வால் ஊசி

தன் சிறுநீரகங்களில் ஒன்றை அப்பாவுக்குக் கொடுப்பதென்று உலகம்மை முடிவு செய்துவிட்டாள். வீட்டில் யாரையும் கேட்கவில்லை. சாப்பிடும்போது சொன்னாள், அவ்வளவுதான். கேட்டால் அம்மா நூறு நொட்டை சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். அம்மா பகவதி, தாமிரபரணிக் கரை டவுன் ஒன்றின் பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரக டாக்டர். ஒன்று இருந்தாலே போதும், நூறு வயது வரைக்கும் ஓட்டலாம் என்று பிறத்தியார் பிள்ளைகளுக்கெல்லாம் தைரியம் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறவள். தன் பிள்ளை என்றதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "ஊருக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமாம்மா?" என்று மகள் கேட்டாள். பகவதி எழுந்து கை கழுவப் போனாள்.

வேறு வழியும் இல்லை. குற்றாலநாதனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வாரத்தில் பாதி நாள் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். ஆளே பாதியாகிவிட்டார். பகவதிக்குச் சர்க்கரை இருப்பதால் அவள் கொடுக்க முடியாது. அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொள்ள அவருக்கு யாரும் உயிரோடு இல்லை. மகள் ஒருத்திதான் மிச்சம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிற அவள், இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச வந்திருந்தாள்.

குற்றாலநாதனை அந்த ஆற்றுப் படுகையில் தெரியாதவர் கிடையாது. வாடல் நோய் வந்து, கதலி, பூவன், நாட்டு வாழை, சக்கை என்று பேர்பேராக இருந்த வாழையெல்லாம் நின்ற நிலையில் மஞ்சளாகிச் சாய்ந்த காலத்தில், ஒரே ஒரு வாழை சாயாமல் நின்றது. அது அவர் உண்டாக்கியது. அரசாங்க நாற்றுப் பண்ணையிலிருந்து வந்ததால் ஜனங்கள் அதைச் சர்க்கார் வாழை என்றார்கள். இன்றைக்கு மலையடிவாரத்திலிருந்து கடல் வரைக்கும் நிற்பது அந்த ஒரு வாழைதான். கல்யாண வாசலில் கட்டுவதும் அதுதான், கருமாதிக்குப் பழம் வைப்பதும் அதுதான். அவர் தெருவில் போனால் விவசாயிகள் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார்கள். அவருக்கு அது கூச்சமாக இருக்கும், உள்ளுக்குள் பிடிக்கவும் செய்யும்.

அதற்கு முன், அவர் வேலை பார்த்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அவரை ஒரு மாதிரியான ஆள் என்றுதான் வைத்திருந்தார்கள். எருக்கு, கள்ளி, அத்தி, அரளி என்று பால் வடிகிற செடி எதைப் பார்த்தாலும் கீறி, சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பார். சட்டையெல்லாம் கறை. வாழைக்காக நடந்த பாராட்டு விழாவில் மைக்கைக் கையில் கொடுத்தபோது, படிக்காத ஜனத்துக்கும் புரிகிற மாதிரி சொன்னார். "பூக்கிற செடிகள்ல நிறையச் செடிக்குப் பால் உண்டு. அந்தப் பாலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கல்லு உண்டு. மண்ணுல கிடக்கிற சுண்ணாம்பை உறிஞ்சி, செடி தானே செஞ்சுக்கிட்ட கல்லு. கடிக்க வாற பூச்சி வாயில குத்துறதுக்குத்தான் அது. வாழைக் கறைக்குள்ளயும் இருக்கு, ஆனா மொண்ணை. நான் அதைத் தீட்டிவிட்டேன், வேற ஒண்ணும் பண்ணலை." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

தீட்டியதோடு அவர் நிற்கவில்லை. ஊசி மாதிரி இருக்கும் அந்தக் கல்லின் ஒரு முனையைக் கூராக்கி, மறு முனையை மீன்வால் மாதிரி பிளந்தார். அந்தப் பிளவில் ஒரு புரதம் ஒட்டியிருக்கும். ஊசி உடைந்தால் உடைந்த இடத்தில் அந்தப் புரதம் இரண்டு புது ஊசிகளை வளர்க்கும். வேர் வழியாக ஏறி வருகிற பூஞ்சை, குத்து வாங்கி வாங்கியே செத்துப்போகும். உலகத்தில் வேறு எந்தச் செடியிலும் அந்த மாதிரி ஊசி கிடையாது என்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

உலகம்மையின் வயிற்றை ஸ்கேன் செய்தபோது இரண்டு சிறுநீரகங்களிலும் பொடிப்பொடியாக ஏதோ தெரிந்தது. தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கூடத்தில் கத்திக்கொண்டிருந்தால் இப்படித்தான் மணல் சேரும் என்று பகவதி மகளைத் திட்டினாள். ஆனாலும் சந்தேகத்துக்கு ஒரு துளி சதை எடுத்து, ஆய்வகத்தில் தானே உட்கார்ந்து பார்த்தாள். அவள் பார்க்காத கல் கிடையாது. இது அவள் பார்த்திராத கல். கூர்கூராக, கொத்துக் கொத்தாக, ஒவ்வொன்றும் ஒரு முனை பிளந்து இருந்தது. அவளுக்கு அப்போதும் எதுவும் தோன்றவில்லை. கல் என்றால் கேட்பதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறதே என்று போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

குற்றாலநாதன் அன்று மெஷினிலிருந்து வந்து கட்டிலில் சாய்ந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சின்னதாக்கிப் பார்த்தார்.

"இது எந்தத் தோட்டத்துல எடுத்தது?"

"தோட்டமா? இது உலகம்மை கிட்னில எடுத்ததுங்க."

அவர் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். "இது என்னோடது, பகவதி" என்றார்.

ஆஸ்பத்திரியில் பழைய நோயாளிகளின் கற்களைக் குப்பியில் போட்டு வைத்திருக்கிற அலமாரி ஒன்று உண்டு. மறுநாள் பகவதி கதவைச் சாத்திக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பொடித்துப் பார்த்தாள். சர்க்கார் வாழை வருவதற்கு முந்தின குப்பிகளில் சாதாரணக் கல் இருந்தது. பிந்தின குப்பிகளில் வெளியே சாதாரணக் கல், நடுவில் மீன்வால். ஊசி நடுவில் உட்கார்ந்துகொண்டு, உடம்பில் கிடைக்கிற சுண்ணாம்பை எல்லாம் தன்மேல் பூசிக்கொண்டு வளர்ந்திருந்தது. வெளிப்பூச்சை மட்டும் பார்த்த யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அவளுக்கே இத்தனை வருஷமாகத் தெரியவில்லை. தன் புருஷனின் கிட்னியிலிருந்தும் ஒரு துளி சதை எடுத்துப் பார்த்தாள். அதில் ஊசிகளைத் தவிர வேறு எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

பழத்தில் கிடையாது என்று குற்றாலநாதன் சாதித்தார். பழத்துக்குள் ஊசி ஏறாதபடிதான் அவர் அதை அமைத்திருந்தார். எலிக்கும் மாட்டுக்கும் கொடுத்துப் பார்த்து, எல்லாம் சரியென்று வந்த பிறகுதான் வெளியே விட்டார்கள். நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை, உள்ளே எப்படிப் போயிற்று என்றுதான் கேட்கிறேன் என்றாள் பகவதி. இரண்டு நாள் இதே பேச்சாக ஓடியது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கொல்லையில் நின்ற வாழையில் இலை நறுக்கிக் கழுவிப் போட்டு, பகவதி சோறு வைத்தாள். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இலைச் சாப்பாடுதான். கொதிக்கக் கொதிக்க ரசம் விட்டபோது, வெந்த இலையின் வாசம் எழுந்தது. குற்றாலநாதன் கையை வைக்காமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசம் தேங்கின இடத்தில் இலை கறுத்து, நரம்பு ஓரமாகக் கறை கசிந்திருந்தது.

"இந்த ரசத்தைக் கொஞ்சம் வழிச்சு எடு" என்றார்.

அவள் சோதித்துவிட்டு வந்து சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் அவள் வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தபோது அவர் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேசினார். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

"திங்கிற பாகம் எல்லாத்தையும் சோதிக்கணும்னு விதி. பழம், காய், பூ, தண்டு. எல்லாம் பாத்தோம். இலையை யாரு திங்கா? இலை தட்டுதானே. கமிட்டில இருந்தது அத்தனை பேரும் நம்ம ஊர்க்காரங்க. கையெழுத்துப் போட்டுட்டு, அந்த வாழையோட இலையிலேயே பந்தி போட்டுச் சாப்பிட்டோம், வடை பாயசத்தோட. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் கூட இருந்திருந்தா கேட்டிருப்பான், 'இது மேலயா சுடுசோத்தைப் போட்டுத் திங்கீங்க'ன்னு. நமக்குக் கேக்கத் தோணலை."

பகவதி அவர் சொன்னதில் ஒரு வார்த்தையில் நின்றுவிட்டாள்.

"தண்டைப் பாத்தோம்னு சொன்னியளே. எப்படிப் பாத்தீங்க?"

"பொரியலுக்கு நறுக்குற மாதிரி நறுக்கி, மோர்த்தண்ணியில போட்டு, அவிச்சு வடிச்சு. சுத்தமாத்தான் இருந்தது."

"பச்சையா அரைச்சுப் பிழிஞ்சா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் ஏன் தயங்குகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"தண்டுலதான் ஜாஸ்தி" என்றார். "பூஞ்சை அது வழியாத்தானே ஏறும்."

கல் என்று வருகிற நோயாளிக்கு வாழைத்தண்டுச் சாறு குடியுங்கள் என்று சொல்லாத டாக்டர் தமிழ்நாட்டில் உண்டா? பகவதி சொன்னதோடு விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு சாற்றுக் கடை போட ஏற்பாடு செய்து, ரிப்பன் வெட்டித் திறந்தும் வைத்திருந்தாள். கடைக்காரி சொர்ணக்கிளி. அவள் புருஷன் கொம்பையாவுக்குக் கல் வந்தபோது, சாறு குடித்ததில் வலி விட்டுவிட்டது. உண்மையாகவே விட்டது. சாறு சிறுநீரைப் பெருக்கிப் பழைய கல்லைத் தள்ளிவிடும். அந்த வேலையை அது எப்போதும் போலச் செய்தது. போகிற போக்கில் புது ஊசிகளை விதைத்துவிட்டுப் போனதுதான் யாருக்கும் தெரியாது. வலி வந்தால் சாறு, சாறு குடித்தால் சுகம், கொஞ்ச காலம் கழித்து இன்னும் பெரிய வலி, மறுபடியும் சாறு. கொம்பையாவும் இப்போது மெஷினில்தான் படுக்கிறான். இடையில் கேரளாவுக்கு வேலைக்குப் போய்ச் சாற்றை விட்டதால்தான் அவனுக்குக் கிட்னி போயிற்று என்று சொர்ணக்கிளி கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தன் வீட்டிலும் அதே கதைதான். புருஷனுக்கு முதல் கல் வந்ததிலிருந்து, மெஷினில் படுக்கும் வரைக்கும், தினமும் காலையில் வெறும் வயிற்றில் சாறு பிழிந்து கொடுத்தது அவள் கைதான். மகளும் அப்பாவோடு சேர்ந்து ஒரு வாய் குடிப்பாள். பகவதி எழுந்து நின்றாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"நாளைக்கே சொல்லிரணும்" என்றாள். "இலையை விடுங்க, சாற்றை விடுங்கன்னு ஊருக்கே சொல்லிரணும்."

"சொல்லலாம். உள்ள போனது போனதுதான். ஒரு ஊசி போனாலும் அது ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அப்படித்தான் நான் செஞ்சேன்."

"வாழையை மாத்த முடியாதா? ஊசி இல்லாம?"

"ஊசியை எடுத்தா வாடல் எடுத்துக்கும். வேற வாழை எங்க இருக்கு?"

பிறகு அவர், மெதுவாக, வேறு ஒன்றைச் சொன்னார். வடக்கே ஒரு பெரிய நிலையத்தில் அபூர்வ நோய்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. கல்லை வளர்க்கிற புரதத்தைக் கழுவி எடுக்கிற மருந்து ஒன்றை அங்கே சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். உலகம்மை மாதிரி ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு அது கேட்கும். தனக்குக் கேட்காது, தான் முடிந்த கேஸ். ஆனால் அந்த மருந்து ஒரு கைப்பிடி பேருக்குத்தான் உண்டு. உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத நோய் என்றால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

"ஒருத்திக்கு வந்தா அபூர்வம், பகவதி. ஊருக்கே வந்தா வரிசை. இந்த ஆத்துப் படுகையில எத்தனை லட்சம் ஜனம்? வரிசையில நம்ம பிள்ளை எங்க நிப்பா?"

"நீங்க சொல்லுறது நியாயமா?"

"நியாயம் இல்ல. அவளுக்கு இடம் கிடைக்கிற வரைக்கும் பொறுத்துக்கோன்னு சொல்லுதேன். கிடைச்ச மறுநாள் நானே மைக்கைப் பிடிச்சுச் சொல்லுதேன்."

அவள் சரியென்று சொல்லவில்லை. மறுநாள் விண்ணப்பத்தை அவளேதான் அனுப்பினாள். நோய்க்குக் காரணம் என்ன என்ற இடத்தில், தெரியவில்லை என்று போட்டாள்.

உலகம்மைக்குப் பாதி உண்மையைச் சொன்னார்கள். அப்பாவுக்குக் கொடுக்க முடியாது, அவளுக்கே ஒரு விநோத வியாதி, சரியாகிவிடும், அதுவரை எவர்சில்வர் தட்டில்தான் சாப்பிட வேண்டும், சாறு கூடாது. அப்பாவுக்குக் கொடுக்க முடியவில்லையே என்பதில்தான் அவள் உடைந்துபோனாள். தன்னைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எனக்கு மட்டும்தானாம்மா இப்படி?"

"உனக்கு மட்டும்தான்" என்றாள் பகவதி.

ஆஸ்பத்திரியில் அவள் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். கல்லோடு வருகிறவர்களிடம் சாறு என்ற பேச்சையே எடுக்கவில்லை. தண்ணீர் குடியுங்கள், இளநீர் குடியுங்கள் என்றாள். அவர்களாகவே, "சாறு குடிக்கலாமாம்மா?" என்று கேட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்றாள். சொர்ணக்கிளியைக் கூப்பிட்டு, கடையில் இளநீர் போடுங்களேன் என்று சொல்லிப் பார்த்தாள். இளநீர் தெருவெல்லாம் கிடைக்கிறது, என்னிடம் வருகிறவர்கள் நீங்கள் சொன்ன சாற்றுக்காகத்தான் வருகிறார்கள் என்றாள் அவள், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

சின்ன டாக்டர் அந்தோணி ராயப்பன் கெட்டிக்காரன். கொஞ்ச நாள் கவனித்துவிட்டு வந்து கேட்டான். "மேடம், நீங்க சாறு சொல்றதை நிறுத்திட்டீங்கன்னு நோயாளிங்க பேசிக்கிறாங்க. ஏதாவது புது ஆய்வு வந்திருக்கா? நானும் நிறுத்தணுமா?" அவன் முகத்தில் மரியாதையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. இவன் ஒரு கல்லை எடுத்துப் பொடித்துப் பார்த்தால் போதும். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்ட பிறகு, அதற்குத் தகுந்தபடி நடக்கவும் வேண்டியிருந்தது. அன்று மத்தியானத்திலிருந்து மறுபடியும் சாறு சொல்ல ஆரம்பித்தாள். முதல் ஆளுக்குச் சொல்லும்போது நாக்கு குழறியது. அதற்குப் பிறகு குழறவில்லை.

வைகாசி முகூர்த்தங்கள் வந்தன. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியின் கல்யாணத்துக்குப் பகவதி போகாமல் இருக்க முடியவில்லை. முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். வரிசை வரிசையாகத் தலைவாழை இலை. எல்லாரும் தண்ணீர் தெளித்துக் கையால் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஆவி பறக்கிற சோறு வந்தது, சாம்பார் வந்தது, ரசம் வந்தது. பக்கத்தில் ஒரு பெண், மடியில் இருந்த பிள்ளைக்குப் பாயசத்தை இலையிலேயே விட்டு, பழத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை இலையை நகத்தால் சுரண்டிச் சுரண்டி விரலைச் சப்பியது. பகவதியால் சும்மா இருக்க முடியவில்லை.

"பிள்ளைக்கு ஒரு கிண்ணத்துல குடுக்கலாமேம்மா."

அந்தப் பெண் சிரித்தாள். "இலையில சாப்பிட்டாத்தானே டாக்டரம்மா உடம்புக்கு நல்லது. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

எல்லாரும் தன் இலையைப் பார்ப்பதாகப் பகவதிக்குத் தோன்றியது. ரசம் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். பாயசமும் சாப்பிட்டாள். கை கழுவுகிற இடத்தில் வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்தாள். கல்யாணம் இல்லையென்றால் என்ன, கோயில் கொடைத் திருவிழா இருக்கிறதே. ஊருக்கு ஊர் பந்தலும் சாப்பாடும். மேளச் சத்தம் கேட்டால் அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். குற்றாலநாதன் கட்டிலில் கிடந்தபடி, பேப்பரில் வாழை விளைச்சல் செய்தி வந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் மடித்து வைத்துவிடுவார். புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொள்வது குறைந்துபோயிற்று. பேசினால் அது ஒன்றைத்தான் பேச வேண்டும்.

ஆவணி பிறந்த பிறகு வடக்கேயிருந்து போன் வந்தது. உலகம்மைக்கு இடம் கிடைத்துவிட்டது. பேசின டாக்டர் நல்ல மனிதர், மகளைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். உலகத்திலேயே இது ஒன்றுதான் இந்த மாதிரி கேஸ் என்று ஆச்சரியப்பட்டார். மருந்து இரண்டு வருஷம் தொடர்ந்து ஏற வேண்டும். நடுவில் நின்றால் ஊசிகள் முன்னைவிட வேகமாகத் திரும்பும். அப்புறம், வழக்கமாக எல்லாருக்கும் சொல்லுகிற விதி என்று ஒன்றையும் சொன்னார். அபூர்வ நோய் என்ற கணக்கில்தான் இந்தப் பணம் வருகிறது. சிகிச்சை நடக்கும்போதே இந்த நோய் வேறு இடங்களிலும் பரவலாக இருப்பதாகத் தெரிய வந்தால், அந்த நாளோடு நிறுத்திவிட வேண்டியதுதான். அப்படி நடக்க வாய்ப்பே இல்லை, நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று அவரே தைரியமும் சொன்னார்.

பகவதி போய்க் கட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். குற்றாலநாதன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கிடைத்த மறுநாள் நானே சொல்கிறேன் என்றவர் அவர்தான். அவள் அதை நினைவுபடுத்தவில்லை.

"ரெண்டு வருஷமா?" என்றார்.

"ஆமா."

"அது வரைக்கும் நான் இருக்க மாட்டேன். நீதான் தனியா வாயை மூடிக்கிட்டு இருக்கணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "உன்னால முடியுமா?" என்று கேட்டார்.

முடியாது என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து அறையில் உலகம்மை பெட்டியில் துணி அடுக்குகிற சத்தம் கேட்டது. ஸ்வெட்டர் எங்கேம்மா என்று அங்கேயிருந்தே கேட்டாள். பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது என்று பகவதி குரல் கொடுத்தாள்.

மகளை ரயிலேற்றிவிட்ட அடுத்த வாரம், ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்த நேரத்தில் சொர்ணக்கிளி உள்ளே வந்தாள். கூடவே அவள் மகள் செல்வக்கனி. காலேஜ் முடித்த பிள்ளை, வந்த இடத்தில் எதையும் தொடாமல் அம்மாவை ஒட்டிக்கொண்டு நின்றது. கொம்பையாவுக்குத் தன் கிட்னியில் ஒன்றைக் கொடுப்பதென்று அந்தப் பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறதாம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தாகிவிட்டதாம், கேட்கவில்லையாம். "நீங்க ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க டாக்டரம்மா. நீங்க சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். நான் உங்க வாயைத்தான் நம்பி வந்திருக்கேன்" என்றாள் சொர்ணக்கிளி.

சோதித்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஸ்கேன் எடுத்தால் பொடி தெரியும். பொடி தெரிந்தால் ராயப்பன் கேட்பான். பகவதி அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு, பொருத்தம் வராது என்றாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்புன்னுல்ல கார்டுல போட்டிருக்கு?"

"அது மேலோட்டம் சொர்ணக்கா. உள்ள பாக்க வேண்டிய பொருத்தம் எவ்வளவோ இருக்கு. ஒத்துவராது. பிள்ளையை வீணாக் கஷ்டப்படுத்த வேண்டாம்."

சொர்ணக்கிளி மறுத்துப் பேசவில்லை. டாக்டர் சொன்னால் அவளுக்கு அதுதான் முடிவு. உள்ளூர அவளுக்கு ஒரு நிம்மதி வந்ததையும் பகவதி கவனித்தாள். புருஷன் போகப்போகிறான் என்பது தெரிந்துவிட்டது, பிள்ளையாவது முழுசாக இருக்கட்டும் என்கிற நிம்மதி. அதைப் புரிந்துகொள்ள அந்த ஊரில் பகவதியை விடத் தகுந்த ஆள் இல்லை. வாசல் வரைக்கும் போன சொர்ணக்கிளி, மகளின் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

"இவ அப்பாவுக்கு வந்தது இவளுக்கும் வந்துரக் கூடாது டாக்டரம்மா. அப்பப்ப ஒரு பக்கமாக் குத்துதுன்னு சொல்லுதா. நாளையில இருந்து தினம் காலையில வெறும் வயித்துல இவளுக்கும் சாறு குடுத்துரட்டுமா? கடையில பாதி நேரம் மிச்சம்தானே கிடக்கு."

பகவதி அப்போதுதான் அந்தப் பிள்ளையை நேராகப் பார்த்தாள். உலகம்மையின் வயதுதான் இருக்கும். அம்மா பேசுவது வெட்கமாக இருக்கிறது போல, உதட்டைக் கடித்துக்கொண்டு லேசாகச் சிரித்தது.

"குடுங்க" என்றாள் பகவதி. "உப்புப் போடாமக் குடுங்க, சொர்ணக்கா."